எழுதாமல் விட்ட செலவு

"மொதல்ல தொழில் நிக்கோணுங்க. நாலு காசு பாத்துட்டு அப்பறமா தர்மம் பண்ணிக்கலாம்." திருப்பூரில் இந்தப் பேச்சு காதில் விழாத கம்பெனி ஒன்றுகூட எனக்குத் தெரியாது. பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவன் நான். முதலாளிகள் இதைச் சொல்வார்கள், சங்கக் கூட்டங்களில் இதற்குக் கைதட்டல் விழும், வணிகவியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதையே இன்னும் நாசூக்கான சொற்களில் சொல்கிறார்கள். லாபம் முதலில், பொறுப்பு பிறகு. தொழில் ஒரு பேரேடு, தர்மம் இன்னொரு பேரேடு. இது அறத்துக்கு ஒவ்வாதது என்று பலர் எழுதிவிட்டார்கள். கணக்காகவே இது தப்பு என்பது என் வாதம்.

அவர்கள் தரப்பை அவர்களே ஒப்புக்கொள்கிற மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல சரக்கைப் பேசிய விலைக்குச் செய்து கொடுத்து லாபம் பார்ப்பதுதான் கம்பெனியின் வேலை. லாபம் இருந்தால்தான் அடுத்த சனிக்கிழமை சம்பளம் போட முடியும், வங்கித் தவணை கட்ட முடியும். ஆற்றைக் காப்பதும் பள்ளிக்கூடம் கட்டுவதும் அரசாங்கத்தின் வேலை, அதற்குத்தான் வரி கட்டுகிறோம். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970ல் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கட்சிக்கு வலுவான வடிவம் கொடுத்தது. மேலாளர் என்பவர் பங்குதாரர்களின் பணத்தைக் கையாளும் ஊழியர், அந்தப் பணத்தைத் தனக்கு நல்லதென்று பட்ட பொதுக்காரியத்துக்குச் செலவிட்டால் மக்களிடம் ஓட்டு வாங்காமலே வரி போட்டவராகிறார் என்பது அவர் வாதம். ஏமாற்று, மோசடி இல்லாமல் விதிகளுக்குள் நின்றுதான் லாபம் தேட வேண்டும் என்றும் அவர் சேர்த்தே சொன்னார். நம் ஊரில் இதோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்வார்கள்: ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிறோம், போட்டியில் நாங்கள் மட்டும் யோக்கியம் பார்த்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான், சம்பாதித்ததில் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுக்கத்தானே செய்கிறோம்.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. லாபம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடாமல் நூலில் போய் ஏறுவதற்கு உப்புதான் துணை. கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறங்களுக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு செலவாகும். அது துணியில் தங்காது, தங்கவும் கூடாது. அலசும்போது மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நான் எழுதிய பேரேடுகளில் உப்பு வாங்கிய பில் இருக்கும். சாயம், விறகு, மின்சாரம், லாரித் தண்ணீர், கூலி எல்லாவற்றுக்கும் பில் இருக்கும். மூட்டை மூட்டையாக உள்ளே வந்த உப்பு வெளியே போன வகைக்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது.

அந்த வரி வேறு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992ல் திறக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணை கட்டச் சொல்லி மனுக் கொடுப்பார்கள், தண்ணீர் திறக்கச் சொல்லி மறியல் செய்வார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கீழ்ப்பாசன விவசாயிகளே, கரூர் பக்கத்து விவசாயிகளே, "தண்ணியத் திறந்து உடாதீங்க" என்று போராட வேண்டி வந்தது.

2004ல் அணைக்குக் கீழே என் பெரியம்மா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மஞ்சள் விளைந்த காடு அது. வரப்போரம் மண்ணில் வெள்ளை பூத்துக் கிடந்தது. தென்னை ஓலைகள் நுனியிலிருந்து கருகி வந்துகொண்டிருந்தன. தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து விட்டார்கள். கறவை மாடு வாயை வைத்தது, மூக்கைச் சிலிர்த்துக்கொண்டு தலையைத் தூக்கிவிட்டது. "மாடே குடிக்கறதில்ல சாமி. குடிதண்ணிக்கு வண்டி வந்தாத்தான் ஆச்சு" என்றார் பெரியம்மா. அந்த மாதம் நான் கணக்கு எழுதிய பட்டறை நல்ல லாபம் காட்டியிருந்தது. என் கையெழுத்தில் இருந்த லாபம் அது. அதற்குள் பெரியம்மாவின் மஞ்சளும் மாட்டுத்தொட்டியும் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் செலவுக்கு ஒரு தொகை எழுதியது. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசு, சில மாதங்களில் 8 காசு, பிறகு 10 காசு. தினம் ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு 6 காசு வீதம் நாளைக்கு 6,000 ரூபாய் ஆகிறது. நேற்றுவரை லாபம் காட்டியவர்கள், இதைக் கட்டினால் நஷ்டம் என்றார்கள். அப்படியானால் நேற்றுவரை காட்டியது என்ன? வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுக்காமல் வைத்திருந்தால் அதைப் பேரேட்டில் பாக்கி என்று எழுதுவோம். லாபம் என்று எழுதினால் தணிக்கையாளர் கையெழுத்துப் போட மாட்டார்.

ஃப்ரீட்மன் வாதத்தின் கூர்மையான முனையும் இங்கே அவர் பக்கமே திரும்பிவிடுகிறது. ஓட்டு வாங்காமல் வரி போடுவது தப்பென்றால், பெரியம்மாவின் கிணற்றின்மேல் வருடக்கணக்கில் போட்ட வரிக்கு யார் ஓட்டு வாங்கினார்கள்? பங்குதாரர் பணத்தை எடுத்துப் பொதுக்காரியம் செய்வது தப்பு என்கிறவர், ஊரார் தண்ணீரை எடுத்துப் பங்குதாரருக்குக் கொடுப்பதை எந்த நியாயத்தில் ஏற்பார்?

2. சட்டப்படி நடந்தால் போதும் என்கிறவர்கள் சட்டம் எப்போது வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். அணை 1992. ஆயக்கட்டுதாரர்களின் இந்த வழக்கு 2003. உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2006. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2009 அக்டோபரில். உத்தரவு நிறைவேறவில்லை என்று கண்டு, எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரி 28ஆம் தேதி. ஒவ்வொரு கட்டத்திலும் கால அவகாசம் கேட்டு நின்றது தொழில் தரப்புதான். விதிக்குள் நின்று ஆடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே, விதி வரும் தேதியைத் தள்ளிப்போட வழக்கறிஞர் வைத்தால், அந்த இடைப்பட்ட வருடங்களில் ஆடிய ஆட்டத்துக்கு என்ன பெயர்?

திருப்பூர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996ல் அறிவித்தது, வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் மீதான வழக்கில். பத்தொன்பது வருடம் கழித்து, 2015 ஜனவரி கடைசி நாளில், அதே வட்டாரத்தில் ராணிப்பேட்டையில், சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தக் கசடுக்குள்ளேயே உயிரை விட்டார்கள். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு வெளியே போனது தெரிந்து 2001ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கும் கம்பெனிக்கும் நிவாரண உடன்பாடு ஏற்பட்டது 2016ல். சட்டம் இந்த வேகத்தில்தான் நடந்து வருகிறது. தன் குழாயிலிருந்து என்ன போகிறது என்பது முதலாளிக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தவனுக்குப் பொறுப்பு தெரிந்த அன்றே தொடங்கிவிடுகிறது, தீர்ப்பு வரும்வரை காத்திருப்பதில்லை.

3. வேலை கொடுக்கிறோம் என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைக்கிறவர் உழைப்பைக் கொடுக்கிறார், கூலியை வாங்குகிறார். இதில் ஈகை எங்கே வந்தது? வேலை கொடுப்பதே சேவை என்று நம்பத் தொடங்கியவர்கள், அந்த வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, அது இந்த நம்பிக்கையின் பிள்ளை. தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வயதுப் பெண்களை விடுதிக்குக் கொண்டுவந்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கினார்கள். அந்தத் தொகை அவர்களுடைய சம்பளத்தில் பிடித்து வைத்த பணம்தான். உடம்புக்கு முடியாமல் இடையில் ஊர் திரும்பிய பெண்கள் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு உதவுகிறோம் என்று ஆலைகள் பேசின. பெண்ணின் சம்பளத்தை வட்டியில்லாமல் மூன்று வருடம் கைமாற்றாக வைத்திருந்தோம் என்று எந்த ஆலையும் எழுதவில்லை.

இன்னொன்று, பெரிய செலவே இல்லாத ஒன்று. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்டூல். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார அனுமதி. இதற்குக்கூடத் தமிழ்நாட்டில் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஸ்டூல் விலை எந்தக் கடையையும் நஷ்டத்தில் தள்ளியிருக்காது. ஆகவே பொறுப்புக்குத் தடையாக நிற்பது எப்போதும் பணமுடைதான் என்ற வாதமும் நிற்காது.

4. போட்டி என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஒருவன் கழிவைச் சுத்திகரித்தால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கூடும், பக்கத்துப் பட்டறைக்காரன் என் ஆர்டரைக் கொண்டுபோய்விடுவான் என்று ஒரு சின்னப் பட்டறைக்காரர் சொன்னால் அது உண்மை. அப்படி ஆர்டரை இழந்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும், அது ஒரே நாளில் எல்லோர் மீதும் அமலாக வேண்டும் என்பதைத்தான். போட்டியைக் காரணம் காட்டுகிறவர்கள் அந்த விதியைக் கேட்டு முதல் வரிசையில் நின்றிருக்க வேண்டும். நான் பார்த்தவரை, விதி வந்தபோதெல்லாம் அவர்கள் எதிர் வரிசையில்தான் நின்றார்கள்.

2011ல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டபோது ஊர் பட்ட பாட்டை மறைக்க மாட்டேன். வாடகை வீடுகள் காலியாயின. மதுரை, தேனி பஸ்களில் சாமான் மூட்டைகளோடு குடும்பங்கள் ஊர் திரும்பின. சில பேர் ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஆற்றங்கரைகளுக்குப் போய்த் திருட்டுத்தனமாகச் சாயம் போட்டார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்யத் தமிழ்நாடு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதுவும் பொதுப்பணம் என்பதை மறந்துவிடக் கூடாது. பிறகு பட்டறைகள் திறந்தன. சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதியோடு திறந்தன. எடுத்த தண்ணீரில் பெரும்பகுதியைச் சுத்திகரித்துத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள்.

திருப்பூர் அழிந்ததா? மூடிய சமயத்தில் வருடத்துக்கு 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2021-22ல் 30,000 கோடியைத் தாண்டியது. ரூபாய் மதிப்புச் சரிவும் அதில் ஒரு பங்கு, வேறு நாடுகளிலிருந்து திரும்பிவந்த ஆர்டர்களும் ஒரு பங்கு. சுத்திகரிப்பால் மட்டுமே வளர்ந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. சுத்திகரித்தால் செத்துப்போவோம் என்று இருபது வருடம் சொன்னது நடக்கவில்லை, அதற்கு ஆதாரம் ஊர் முழுக்க இருக்கிறது. இன்று வெளிநாட்டு வாங்குநரை அழைத்துவந்து அதே சுத்திகரிப்பு நிலையத்தைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். காட்டட்டும், பெருமைப்பட வேண்டிய காரியம்தான். ஆவியாக்கி எடுத்த கலவை உப்பு மூட்டைகள் கொட்டகைகளில் அடுக்கிக் கிடப்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே காட்ட வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

வாங்குநர் என்று சொல்லும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு டி-ஷர்ட்டுக்கு இருபது சென்ட் குறை, இல்லையென்றால் டாக்காவுக்குப் போகிறேன் என்கிற வெளிநாட்டுப் பிராண்டுக்கும் நொய்யலில் பங்கு உண்டு. அந்த டாக்காவின் ஓரத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் தேதி ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கார்மென்ட் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள், ஷிப்மென்ட் தேதி இருந்தது. ஒரே கட்டடம், ஒரே விரிசல். போட்டி என்ற வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டியதில்லை.

5. "சம்பாதித்துவிட்டுக் கொடுக்கிறோமே." எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியிருப்பது இதுதான், மனதைத் தொடுவதும் இதுதான். கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கிறார்கள், அன்னதானம் போடுகிறார்கள், அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருகிறார்கள். இவற்றில் பெரும்பகுதி மனமார்ந்த நல்லெண்ணத்தோடு நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டம் இதற்கு ஒரு விகிதமும் வைத்தது: நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் கம்பெனி, மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அன்றிலிருந்து சமூகப் பொறுப்பு என்றாலே அந்த 2 சதவீதம் என்று ஆகிவிட்டது. அதற்குத் தனித் துறை, தனி அறிக்கை, கலர் படங்கள். மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்று கேட்கும் துறை எந்தக் கம்பெனியிலும் இல்லை.

ஒரு தீபாவளியைச் சொல்கிறேன். நான் அப்போது இருந்தது ஒரு நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனி. எங்களுக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பதினான்கு மெஷின் வைத்திருந்தார். அவருடைய பில் நான்கு மாதமாக என் டிராயரில் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, இன்னைக்காச்சும் ஆகுமுங்களா? போனஸ் கேட்டுப் பொம்பளைங்க மெஷின்ல உக்காரல." முதலாளியிடம் போய்க் கேட்டேன். "தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்னு சொல்லீருங்க" என்றார். அதே மேசையில், அதே பகலில், ஒரு கோயில் திருப்பணிக்கு அவர் எழுதிய செக்கையும் நான்தான் உறையில் போட்டேன். ஜாப் ஒர்க்காரர் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது வட்டிக்காரரின் கடை வழியாகத்தான் போயிருப்பார். அவரிடம் வேலை பார்த்த பெண்களுக்கு அந்த வருடம் போனஸ் கிடைத்ததா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

அந்தத் திருப்பணிச் செக்கில் இருந்தது யார் பணம்? முதலாளியின் பணம் என்று பேரேடு சொல்கிறது, நானே அப்படித்தான் எழுதினேன். உண்மையில் அது பதினான்கு மெஷின்காரரிடம் நான்கு மாதம் வட்டியில்லாமல் வாங்கி வைத்திருந்த கடன். கோயில் கல்வெட்டில் அவர் பெயரும் அந்தப் பெண்களின் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. சிறு, குறுந்தொழில்களிடம் வாங்கியதற்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்ட ஜாப் ஒர்க்காரர் ஒருவரைக்கூட என் இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது. கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருடம்வரை செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்தது. 2024ல் அது கடிக்கத் தொடங்கியதும், தள்ளிவையுங்கள் என்று நாட்டின் ஜவுளிச் சந்தைகளிலிருந்து டெல்லிக்கு மனுக்கள் போயின. இரண்டு சதவீதம் கொடுக்கச் சொன்னபோது இல்லாத பதற்றம், வாங்கிய கடனை ஒன்றரை மாதத்தில் கொடுக்கச் சொன்னபோது வந்தது.

சம்பாதித்தபின் கொடுப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கும் உழைப்புக்கும் ஜாப் ஒர்க்குக்கும் உரிய விலையைக் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் உங்கள் பணம். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அந்த விலையைக் கொடுக்காதவரை நீங்கள் நன்கொடையாளர் ஆக முடியாது, கடன்காரர்தான்.

இந்தச் சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன் உங்கள் கணக்கரைக் கூப்பிட்டு, டிராயரில் இருக்கும் பில்களை மேசையில் தேதிவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். 45 நாளைத் தாண்டியவை எல்லாவற்றுக்கும் அன்றைக்கே செக் எழுதுங்கள். வெளியே பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் உள்ளே கூப்பிட்டு, உங்கள் கையாலேயே கொடுத்து அனுப்புங்கள்.